கோமாளி மீனின் உடலும் வாழ்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களும் விலங்கியல் படிக்கும் மாணவர்களும் கோமாளி மீனைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். வேறு இனம் என்று சொல்லாத இடங்களில் எல்லாம் பேசப்படுவது ஆம்ஃபிப்ரியான் ஒசெல்லாரிஸ். ஆரஞ்சு உடலில் மூன்று வெள்ளைப் பட்டையோடு, மீன் கடைகளில் 'நீமோ' என்று விற்கப்படுவது அதுதான். இந்த மீன் கடலில் ஒரு முறை குடியேறிய பின் ஒரே கடல் சாமந்தியை (கொட்டும் கைகள் கொண்ட, பூப்போன்ற கடல் விலங்கு; அனிமோன் என்பதும் இதுவே) விட்டு நகராது. தொட்டியில் தனியாகப் பார்க்கும்போது வினோதமாகத் தெரியும் பலவற்றுக்கும் விடை அந்த வீட்டில்தான் இருக்கிறது.

1. கோமாளி மீன்னா ஒரே மீனா, இல்ல நிறைய வகை இருக்கா?

ஏறத்தாழ முப்பது இனங்கள் இருக்கின்றன. எல்லாம் ஆம்ஃபிப்ரியான் பேரினம், பொமாசென்ட்ரிடே குடும்பம். 'ஆம்ஃபிப்ரியான்' என்ற கிரேக்கப் பெயருக்கு 'இரு பக்கமும் ரம்பம்' என்று பொருள். செத்த மீன் ஒன்று கிடைத்தால் செவுள் மூடியின் விளிம்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பொடிப் பொடியாகப் பல் வெட்டியதுபோல இருக்கும். பெயர் வந்தது அதனால்தான். வலையில் பிடித்த கோமாளி மீன் நூலில் சிக்கிக்கொண்டு வராமல் படுத்துவதும் இந்தப் பற்களால்தான். இழுக்காமல், தண்ணீருக்குள்ளேயே வலையைக் கவிழ்த்து விடுவிக்க வேண்டும். அதைவிட, ஒரு டப்பாவில் மொண்டு எடுப்பது மேல்.

ஒசெல்லாரிஸ் அந்தமான் முதல் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், ஜப்பானின் ரியுக்யு தீவுகள், வடமேற்கு ஆஸ்திரேலியா வரை இருக்கிறது. நம் மன்னார் வளைகுடாவில் இருப்பது வேறு இனம். அங்கே காணப்படும் ஆம்ஃபிப்ரியான் செபே, கருமை கலந்த உடலும் மஞ்சள் வாலும் உடையது. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் செபேயைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்திருக்கிறார்கள்.

2. ஒசெல்லாரிஸா பெர்குலாவா, எப்படிக் கண்டுபிடிக்கறது?

பெர்குலா என்பது ஒசெல்லாரிஸைப் போலவே தோன்றும் இன்னொரு இனம், ஆம்ஃபிப்ரியான் பெர்குலா. முதுகுத்துடுப்பு முட்களை எண்ணுவதுதான் நம்பகமான வழி. ஒசெல்லாரிஸுக்குப் பெரும்பாலும் 11, பெர்குலாவுக்குப் பெரும்பாலும் 10. உயிரோடு நீந்தும் மீனில் எண்ண முடியாது. துடுப்பை விரித்திருக்கும் நேரம் பார்த்துப் பக்கவாட்டில் பத்துப் படம் எடுத்து, நல்ல ஒன்றைப் பெரிதாக்கி எண்ணுங்கள். முன்பாதியில் ஒற்றைக் குச்சியாகக் கூர்மையாக நிற்பவை முட்கள். பின்பாதியில் நுனி கிளைத்து மெத்தென்று இருப்பவை மென்கதிர்கள். இரண்டையும் சேர்த்து எண்ணிவிட்டுக் குழம்புபவர்கள்தான் அதிகம்.

கண்ணையும் பார்க்கலாம். பெர்குலாவின் கருவிழியைச் சுற்றிய வளையம் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் என்பதால் கண் சிறியதாகத் தெரியும். ஒசெல்லாரிஸின் வளையம் சாம்பல் கலந்தது. வெள்ளைப் பட்டையின் கறுப்பு விளிம்பு பெர்குலாவில் பெரும்பாலும் தடிப்பாக இருக்கும், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. ஆஸ்திரேலியாவின் டார்வின் பகுதியில் உடம்பு முழுக்கக் கறுப்பான ஒசெல்லாரிஸே உண்டு. பண்ணையில் இரண்டையும் கலந்து உருவாக்கிய மீன் என்றால் முள் கணக்கும் கைகொடுக்காது.

3. ஆடி ஆடி நீந்துதே, ஏதாவது வியாதியா?

இல்லை, அதன் நடையே அதுதான். வேகமாகப் பாயும் மீனுக்குக் கவட்டை வாலும் ஒடுங்கிய உடலும் இருக்கும். இதற்கோ வால்துடுப்பு விசிறிபோல வட்டமானது, உடல் குட்டையானது. அது மார்புத்துடுப்புகளை மாற்றி மாற்றித் துடுப்புப் போடுவதுபோல அடித்துத்தான் நகர்கிறது. அதனால் தலை ஒரு பக்கமும் வால் ஒரு பக்கமுமாக அசைகிறது. ஒரே இடத்தில் நிற்கவும், சட்டென்று பின்வாங்கவும், சாமந்தியின் கைகளுக்கிடையே திரும்பவும் இந்த அமைப்பு போதும். நூறு மீட்டர் துரத்த வேண்டிய தேவை அதற்கு ஒருபோதும் இல்லை.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. செவுள் வழக்கத்தைவிட வேகமாக அடிப்பது, தண்ணீர் மட்டத்தில் வாயைப் பிளந்து நிற்பது, உணவு போட்டும் திரும்பாதது ஆகிய மூன்றும்தான் அவை. ராத்திரியில் ஒரு மூலையில் சாய்ந்து கிடப்பது தூக்கம். விளக்கைப் போட்டு எழுப்பாதீர்கள்.

4. இதுக்கு மூக்கு, காது எல்லாம் இருக்கா?

இருக்கிறது. பெரும்பாலான மீன்களுக்கு ஒவ்வொரு பக்கமும் இரண்டு நாசித்துளைகள். ஒன்றில் தண்ணீர் நுழைந்து மற்றதில் வெளியேறும். கோமாளி மீனுக்குப் பக்கத்துக்கு ஒன்றுதான். ஆனாலும் மோப்பம் கூர்மை. பொரித்துக் கடலில் திரியும் குஞ்சு தனக்கேற்ற சாமந்தியைத் தேடிப் பிடிப்பதில் வாசனைக்குப் பெரும் பங்கு உண்டு.

காது வெளியே தெரியாது. தலைக்குள் சுண்ணாம்பாலான செவிக்கல் இருக்கிறது. குஞ்சுப் பருவத்தில் அதில் நாளுக்கொரு வளையம் படிவதால், எத்தனை நாள் கடலில் திரிந்துவிட்டு வந்தது என்பதை ஆய்வாளர்கள் அதை அறுத்து எண்ணுவார்கள். உடலின் பக்கக்கோடு நீரின் அதிர்வை உணரும். இந்த மீனில் அந்தக் கோடு வால்வரை போகாமல் முதுகுத்துடுப்பின் பின்பகுதிக்குக் கீழேயே நின்றுவிடும். கண்ணோ புற ஊதா ஒளியையும் பார்க்கும். நாம் பார்க்கும் ஆரஞ்சும் வெள்ளையும் அதற்கு நமக்குத் தெரிவதுபோலவே தெரியும் என்று நினைக்க வேண்டாம்.

5. கடல் தண்ணியையே குடிக்குமா? அவ்வளவு உப்பு என்ன ஆகும்?

குடித்துக்கொண்டே இருக்கும். மீனின் ரத்தத்தில் இருக்கும் உப்பு கடல் நீரில் இருப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் உடலிலிருந்து தண்ணீர் ஓயாமல் வெளியே கசிகிறது. ஈடுகட்டக் கடல் நீரைக் குடித்து, மிச்ச உப்பைச் செவுளில் இருக்கும் தனிச் செல்கள் வழியாக வெளியே தள்ளுகிறது. சிறுநீர் மிகக் கொஞ்சம்.

தொட்டிக்காரர்களுக்கு இதில் பாடம் உண்டு. நீர் ஆவியானால் உப்பு ஆவியாகாது. குறைந்த அளவுக்கு நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புநீரை அல்ல. ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.023 முதல் 1.025, வெப்பம் 26 முதல் 28 டிகிரி செல்சியஸ். இந்த எல்லைக்குள் நிலையாக இருப்பது முக்கியம். காலையில் 1.021, மாலையில் 1.026 என்று ஆடினால் செவுள் செல்கள் ஓயாமல் சரிக்கட்டிக்கொண்டே இருக்கும்.

6. சாமந்தி மத்த மீனை எல்லாம் கொட்டுது, இதை மட்டும் ஏன் விட்டுடுது?

சாமந்தியின் கைகளில் லட்சக்கணக்கான கொட்டும் செல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் விஷ நூல் ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. தொட்டால் மட்டும் அது பாய்வதில்லை. தொட்டது இரை என்று சொல்லும் வேதிக் குறிப்பும் வேண்டும். மீன்களின் உடலைப் போர்த்திய கோழையில் இருக்கும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரைப் பொருள் அப்படி ஒரு குறிப்பு. கோமாளி மீனின் கோழையில் அது மிக மிகக் குறைவு. குறிப்பு இல்லாததால் செல் வெடிப்பதில்லை.

கதை இதோடு முடியவில்லை. சாமந்தியே இல்லாமல் வளர்ந்த மீனைத் திடீரென்று அதில் விட்டால் அதையும் கொட்டக்கூடும். அதனால்தான் புது மீன் சாமந்தியைப் பார்த்ததும் பாய்ந்து படுப்பதில்லை. முதலில் வால் நுனியால் தொடும், வெடுக்கென்று விலகும். பிறகு வயிற்றுப்பக்கத் துடுப்பு, பிறகு விலா. சில நிமிடத்திலிருந்து பல மணி நேரம் வரை இந்தத் தொட்டு விலகல் நடக்கும். அதற்குள் சாமந்தியின் கோழையும் மீனின் மேல் படிகிறது. தன் கோழையின் தன்மை, மேலே பூசிக்கொண்ட கோழை இரண்டும் சேர்ந்துதான் காப்பு என்றே இன்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். எது எவ்வளவு என்பது இனத்துக்கு இனம் மாறும்.

இன்னொரு நுணுக்கம். பட்டை விழாத குஞ்சுக்கு இந்தக் காப்பு கிடையாது. அதன் கோழையில் சியாலிக் அமிலம் மற்ற மீன்களைப் போலவே இருக்கிறது, பட்டை விழுந்து வளர்ந்த மீனின் வடிவத்துக்கு உருமாறும் நாட்களில்தான் குறைகிறது. குஞ்சு கொஞ்சம் முந்திக்கொண்டு வந்து விழுந்தால் இரைதான்.

7. சாமந்திக்கு இதனால என்ன லாபம்? சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கா?

வாடகை சரியாகவே கொடுக்கிறது. சாமந்தியின் திசுக்களுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளியில் சமைக்கும் உணவில்தான் சாமந்தியின் பெரும்பகுதிப் பிழைப்பு. மீன் கழிக்கும் அம்மோனியா அந்தப் பாசிகளுக்கு உரம். சாமந்தியைக் கடிக்க வரும் வண்ணத்துப்பூச்சி மீன்களை இது துரத்தும். இரவில் கைகளுக்கிடையே உடம்பை அசைத்துக்கொண்டே இருப்பதால் தேங்கிய நீர் புரண்டு சாமந்திக்கு ஆக்சிஜன் கிடைக்கிறது. மூழ்கிப் படம் எடுப்பவர்களின் விரலை ஒரு ஜாண்கூட இல்லாத பெண் மீன் வந்து கடிப்பதும் இந்தக் காவலில் சேர்த்திதான்.

8. சாமந்தி இல்லாம வளர்க்கலாமா?

தொட்டியில் தாராளமாக. அங்கே துரத்தும் மீன் இல்லையென்றால் ஒளிய இடம் தேவைப்படாது. பண்ணைகளில் உடைந்த பானைத் துண்டையோ ஓடு ஒன்றையோ போட்டுவிடுவார்கள். ஜோடி அதை வீடாக்கிக்கொண்டு அங்கேயே முட்டையிடும். கடலில் அது நடக்காது. இவ்வளவு பளிச்சென்ற, இவ்வளவு மெதுவாக நீந்தும் மீன் வெளியே வந்தால் நிமிடங்களில் யார் வாயிலாவது போய்விடும்.

சாமந்தி வைத்தே தீர வேண்டும் என்றால், எந்தச் சாமந்தியும் ஒத்துவராது. உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடல் சாமந்தி இனங்கள் இருந்தும் கோமாளி மீன்கள் குடியேறுவது சுமார் பத்து இனங்களில்தான். ஒசெல்லாரிஸ் இயற்கையில் மூன்றை மட்டுமே ஏற்கிறது: ஹெட்டராக்டிஸ் மேக்னிஃபிகா, ஸ்டைக்கோடாக்டைலா ஜைகான்டியா, ஸ்டைக்கோடாக்டைலா மெர்டென்ஸி. மூன்றுமே பெரிதாக வளரும், பலத்த ஒளி கேட்கும், நிலைப்படாத புதுத் தொட்டியில் கரைந்து செத்து மொத்த நீரையும் கெடுக்கும். தொட்டி ஓடத் தொடங்கி ஆறு மாதமாவது ஆகட்டும். மீனை முன்னிட்டுச் சாமந்தி வாங்குவதை நாங்கள் பரிந்துரைப்பதே இல்லை.

9. வெள்ளைப் பட்டை எதுக்கு? சிலதுக்குப் பாதியிலேயே நின்னுடுதே?

ஆரஞ்சும் கறுப்பும் நிறமிச் செல்கள் தருபவை. வெள்ளை அப்படியல்ல. ஒளியைத் திருப்பி அடிக்கும் நுண்படிகங்கள் நிறைந்த செல்கள் அங்கே இருக்கின்றன. பட்டை தலையிலிருந்து வாலை நோக்கி விழுகிறது. தலையிலும் நடு உடலிலும் முதலில், வாலடியில் கடைசியில். இதை முடுக்குவது தைராய்டு ஹார்மோன். பப்புவா நியூகினியின் கிம்பே விரிகுடாவில் பெர்குலா குஞ்சுகள் ஜைகான்டியா சாமந்தியில் குடியேறினால் சீக்கிரமும், மேக்னிஃபிகாவில் குடியேறினால் தாமதமாகவும் பட்டை பெறுகின்றன. முந்தையதில் ஹார்மோன் அளவு அதிகம். பண்ணையில் பாதிப் பட்டையோடு நிற்கும் மீன்கள் பெரும்பாலும் உருமாறும் நாட்களில் ஊட்டமோ நீரோ சரியில்லாததன் விளைவு. அதை வளர்ந்த பிறகு திருத்த முடியாது.

பயன் என்ன என்றால், அடையாளம். 2024இல் வெளியான ஜப்பானின் ஒகினாவா ஆய்வில், ஒசெல்லாரிஸ் வந்தவனின் பட்டையை எண்ணுவதுபோல நடந்துகொண்டது. தன்னைப் போல மூன்று பட்டை உள்ள பொம்மையைத்தான் அதிகம் தாக்கியது. பட்டையே இல்லாததைப் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. வீட்டைப் பறிக்கக்கூடியவன் தன் இனத்தான் மட்டுமே என்பதால் அதில் நியாயம் இருக்கிறது.

10. ஆண் எது, பெண் எது?

பெரியது பெண். நிறத்தில் வித்தியாசம் தேட வேண்டாம். ஒரு சாமந்தியில் இருக்கும் கூட்டத்தில் மிகப் பெரியது பெண், அடுத்தது ஆண். அதற்குக் கீழே இருப்பவை எத்தனை இருந்தாலும் இனப்பெருக்கம் செய்யாதவை. கடையில் ஒரே அளவில் வரும் சிறு மீன்கள் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. "ஜோடியாக் கொடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் எந்த இரண்டைப் பிடித்துக் கொடுத்தாலும் அது பொய் ஆகாது.

11. ஆண் பெண்ணா மாறுமாமே, நிஜமா?

நிஜம். ஆணாக இருக்கும்போதே அதன் இனவுறுப்பில் இரண்டு திசுவும் இருக்கும். விந்தகப் பகுதி செயல்படும், சினையகப் பகுதி முதிராமல் உறங்கும். பெண் இறந்தாலோ காணாமல் போனாலோ, நடத்தை முதலில் மாறுகிறது. சில நாட்களிலேயே அந்த ஆண் கூட்டத்தை அதட்டத் தொடங்கும். மூளையில் இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியில் நரம்பணுக்கள் கூடிப் பெண் மூளையின் அமைப்புக்கு வருகின்றன. இனவுறுப்பு கடைசியில்தான் மாறும். விந்தகத் திசு கரைந்து சினையகம் முதிர்ந்து முட்டையிட வாரக்கணக்கிலிருந்து மாதக்கணக்கு வரை ஆகலாம். இதே நேரத்தில் மூன்றாம் இடத்தில் இருந்த மீன் வளர்ந்து ஆண் இடத்துக்கு வரும். கீழே இருப்பவை எல்லாம் ஒரு படி ஏறும்.

ஏன் இந்த ஏற்பாடு? வீட்டை விட்டு வெளியே போய்த் துணை தேட முடியாது என்பதை 8ஆம் கேள்வியில் பார்த்தோம். துணை செத்தால், இருப்பவர்களுக்குள்ளேயே ஒன்று அந்த இடத்தை நிரப்ப வேண்டும். முட்டையின் எண்ணிக்கை உடல் அளவைப் பொறுத்தது, விந்துக்கு அந்த அளவு தேவையில்லை. அதனால் பெரியது பெண்ணாவது லாபம்.

12. பெண் திரும்ப ஆணாகுமா?

ஆகாது. மாறிய பின் விந்தகத் திசுவே மிச்சமில்லை. முட்டையிட்ட பெண்கள் இரண்டை ஒரே தொட்டியில் விட்டால் "ஒன்று ஆணாகிவிடும்" என்று காத்திருக்காதீர்கள். ஒன்று செத்துவிடும்.

13. ஒரே சைஸ்ல ரெண்டு வாங்கினேன். ஒண்ணு வளருது, இன்னொண்ணு அப்படியே நிக்குது. சாப்பாடு பத்தலையா?

சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை. அது வேண்டுமென்றே நிற்கிறது. பெர்குலாவில் 2003இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வரிசையில் பின்னால் இருக்கும் மீன், தனக்கு முன் இருப்பதன் நீளத்தில் சுமார் 80 சதவீதத்தைத் தாண்டாமல் தன் வளர்ச்சியைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது. நெருங்கி வளர்ந்தால் அது போட்டி. போட்டி வந்தால் சாமந்தியிலிருந்து விரட்டல், விரட்டினால் மரணம். முன்னால் இருப்பது போய்விட்டால் அதே மீன் மளமளவென்று வளரும். ஆகவே சிறியதைத் தனியே பிரித்து வைத்துத் தீனி போட்டுக் கொழுக்க வைத்துத் திரும்ப விடுவது மிகத் தவறான வைத்தியம். சண்டையை நீங்களே மூட்டிவிட்டதாகிவிடும்.

ஜோடி சேர்க்க விரும்பினால் முதலிலேயே அளவில் நன்றாக வேறுபட்ட இரண்டு இளம் மீன்களை ஒரே நாளில் விடுங்கள். 5 சென்டிமீட்டருக்கு ஒன்று, மூன்றரைக்கு ஒன்று போதும். மூன்றாவது வேண்டாம். சிறிய தொட்டியில் அதற்கு ஓட இடம் இல்லை.

14. சின்னது பெரியது முன்னாடி நடுங்குது, 'டக் டக்'னு சத்தம் வேற கேக்குது. அடிக்குதா?

அது பணிவு. சிறியது உடலைச் சற்றே சாய்த்து, தலையை வெடவெடவென்று ஆட்டினால் "நீதான் பெரியவர்" என்று பொருள். இது நடந்தால் ஜோடி சேர்ந்துகொண்டிருக்கிறது என்று மகிழலாம். துடுப்பு கிழிந்து, சிறியது தொட்டியின் மேல்மூலையை விட்டு இறங்காமல் இருந்தால்தான் பிரிக்க வேண்டும்.

சத்தம் உண்மை. பல மீன்கள் காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்து ஒலி எழுப்பும். கோமாளி மீன் பல்லைக் கடிக்கிறது. தலையைத் தூக்கும்போது ஒரு தசைநார் இழுபட்டு வாய் 'டப்'பென்று மூடிக்கொள்கிறது. பற்கள் மோதும் அந்த ஓசை தாடை வழியாகப் பரவுகிறது. ஆம்ஃபிப்ரியான் கிளார்க்கி இனத்தில் 2007இல் இந்த இயக்கத்தை அதிவேகப் படத்தில் பிடித்துக் காட்டினார்கள். பெரிய மீனின் ஒலி தாழ்ந்த சுருதி. ஆகவே ஆளைப் பார்க்காமலே அளவு தெரியும்.

15. முட்டை போட்டிருக்கா, வெறும் பாசியா? எத்தனை நாள்ல பொரிக்கும்?

முட்டையிடுவதற்கு ஓரிரு நாள் முன்பே ஆண் ஒரு பாறையையோ ஓடு ஒன்றையோ வாயால் கவ்விக் கவ்விச் சுத்தம் செய்யும். பெண்ணின் வயிறு உப்பும். அடியில் வெள்ளைக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டு தெரியும். முட்டைகள் உருண்டையல்ல. இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் நீளமுள்ள மாத்திரை வடிவம், ஒரு முனை பாறையில் ஒட்டியிருக்கும். நெருங்கிப் பார்த்தால் ஆரஞ்சு நிறக் கம்பளத்தின் இழைகள்போல நீரோட்டத்தில் எல்லாம் ஒரே பக்கம் சாயும். முதல் ஈடு நூறு முட்டைக்குள் இருக்கலாம். தேர்ந்த ஜோடி பல நூறு இடும்.

28 டிகிரியில் ஏழு எட்டு நாள், 26 டிகிரியில் ஒன்பது பத்து நாள். மூன்றாம் நாள் வாக்கில் கரும்புள்ளிகள் விழும். பொரிக்கும் நாள் நெருங்கும்போது ஒவ்வொரு மாத்திரைக்குள்ளும் இரண்டு வெள்ளிக் கண்கள் மின்னும். விளக்கணைத்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஒட்டுமொத்தமாகப் பொரிக்கும். அறையில் ஒரு குண்டு பல்பு எரிந்தாலும் தள்ளிப்போகும். தங்கள் முட்டை பொரிக்கவில்லை என்பவர்களில் பலர் விளக்கை அணைக்கவே இல்லை.

16. முட்டையைத் தின்னுடுச்சு. ஏன் இப்படி?

காவல் ஆணின் வேலை. மார்புத்துடுப்பால் ஓயாமல் விசிறி, செத்த முட்டையைப் பொறுக்கித் தின்னும். வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்த முட்டை பக்கத்து முட்டையையும் கெடுக்கும் என்பதால் அது நல்ல காரியம். மொத்தத்தையும் தின்றால் மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். முட்டை கருவுறவே இல்லை (இளம் ஜோடியின் முதல் இரண்டு மூன்று ஈட்டில் சகஜம்). அல்லது தொட்டிக்கு முன்னால் நடமாட்டம், கையை விட்டுப் படம் எடுத்தது. அல்லது ஆணுக்குத் தீனி போதவில்லை. இரண்டு மூன்று வாரத்துக்கொரு முறை திரும்ப இடும், பொறுத்திருங்கள்.

17. குஞ்சு பொரிச்சு மூணாம் நாள் எல்லாம் செத்துப் போச்சு. ஆர்ட்டீமியா நிறையப் போட்டேனே?

அதனால்தான் செத்தது. பொரித்த குஞ்சு சுமார் 4 மில்லிமீட்டர், மஞ்சள்கரு இருப்பு மிகக் கொஞ்சம். ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் சிற்றிறால் வகை) குஞ்சே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அந்த வாய்க்குள் அது போகாது. தேவை ரோட்டிஃபர் என்ற, அதைவிடச் சிறிய நுண்ணுயிர். ஒரு மில்லிலிட்டர் நீரில் பத்தாவது இருக்க வேண்டும், நானோக்ளோராப்சிஸ் பாசி கலந்து நீர் இளம்பச்சையாக இருக்க வேண்டும். பாசி ரோட்டிஃபருக்கும் உணவு, ஒளியையும் மட்டுப்படுத்தும். தொட்டியின் பக்கங்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். வெளிச்சக் கண்ணாடியில் தலையை முட்டியே குஞ்சுகள் சாகும். ஐந்தாறாம் நாளிலிருந்து, அன்றே பொரித்த ஆர்ட்டீமியாவைச் சிறிது சிறிதாகக் கலக்கலாம். முதல் நாள் மிச்சத்தைப் போடாதீர்கள், அது வளர்ந்துவிட்டிருக்கும், சத்தும் போயிருக்கும்.

இரண்டாவது கண்டம் எட்டாம் நாளுக்கு மேல், உருமாறும் கட்டத்தில். நன்றாக நீந்திக்கொண்டிருந்தவை திடீரென்று துடித்து விழுந்தால் கொழுப்பமிலக் குறைபாட்டைச் சந்தேகியுங்கள். ஒமேகா 3 கலவையில் ஊட்டமேற்றிய ரோட்டிஃபரும் ஆர்ட்டீமியாவும் கொடுத்தால் இது வெகுவாகக் குறையும். பத்துப் பன்னிரண்டு நாளில் பட்டை தெரியும், குஞ்சு தரையை நோக்கி இறங்கும்.

18. உடம்புல வெள்ளையாத் தோல் உரிஞ்சு தொங்குது. உப்பு அதிகமாயிடுச்சா?

புரூக்ளினெல்லா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணியாக இருக்க வாய்ப்பு அதிகம். கோமாளி மீனை அடிக்கடி தாக்குவதால் அதன் பெயரிலேயே நோய்க்குப் பெயர் உண்டு. உரிவது தோலல்ல, 6ஆம் கேள்வியில் சொன்ன கோழை. ஒட்டுண்ணி செவுளையும் சேர்த்துத் தாக்குவதால் ஓரிரு நாளில் மீன் போய்விடும். கடலில் பிடித்து நெருக்கமாகக் கொண்டுவந்த மீன்களில்தான் பெரும்பாலும் வரும்.

தனிப் பாத்திரத்தில் 4 லிட்டர் தொட்டி நீருக்கு ஃபார்மலின் (37 சதவீத ஃபார்மால்டிஹைடு கரைசல்) 1 மில்லிலிட்டர், பலமாகக் காற்று விட்டபடி 30 முதல் 45 நிமிடம். பிறகு சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், பழைய தொட்டிக்கே விட்டால் மறுபடி ஒட்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று முறை. மீன் சாய்ந்தால் உடனே எடுத்துவிடுங்கள். அடியில் வெள்ளை வண்டல் படிந்த பழைய ஃபார்மலின் விஷம், தொடவே வேண்டாம். புதியதையும் கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக் கையாளுங்கள்.

ஊசி முனைபோல உப்புத் தூவியது மாதிரி தனித்தனிப் புள்ளிகள் என்றால் அது வேறு நோய், வேறு மருந்து. இரண்டையும் குழப்பித் தாமிர மருந்து ஊற்றினால் புரூக்ளினெல்லா அசையாது.

19. எத்தனை வருஷம் வாழும்?

இதே அளவு மீன்களோடு ஒப்பிட்டால் நம்ப முடியாத அளவுக்கு. பெர்குலா பெண் 30 ஆண்டு வரை வாழக்கூடும் என்று 2007இல் கணக்கிட்டார்கள். தொட்டியில் இருபதைத் தாண்டியவை உண்டு. கொட்டும் கைகளுக்கு நடுவே வாழ்வதால் இரையாவது குறைவு. விரட்டும் மரணம் இல்லாத இடத்தில் உடல் மெதுவாக முதுமையடைவது லாபமாகிறது. நாலைந்து ஆண்டில் செத்தால் அது வயதாகிச் செத்தது என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள முடியாது.

20. ஒரே சாமந்தியில இருக்கறது எல்லாம் அப்பா, அம்மா, பிள்ளைங்கதானே?

இல்லை. பார்த்தால் குடும்பம்போல இருக்கும், உறவே கிடையாது. பொரித்த குஞ்சு நீரோட்டத்தோடு போய்விடுகிறது. பத்துப் பதினைந்து நாள் கழித்துக் கரைப்பக்கம் வந்து ஏதோ ஒரு சாமந்தியில் இடம் கேட்டு வரிசையின் கடைசியில் நிற்கிறது. பெற்றோர் வீட்டிலேயே சேர்ந்திருந்தால், 11ஆம் கேள்வியில் சொன்ன பதவி உயர்வில் தாயும் மகனும் ஜோடியாகிவிடும்.

ஆனால் வெகு தொலைவும் போய்விடுவதில்லை. 2007இல் வெளியான ஆய்வில், கிம்பே தீவில் குடியேறிய பெர்குலா குஞ்சுகளில் சுமார் 60 சதவீதம் அந்தத் தீவிலேயே பிறந்தவை. வேறு சாமந்தி, அதே ஊர். மறுபக்கம், ஓமன் கடற்கரையில் வாழும் ஆம்ஃபிப்ரியான் ஓமனென்சிஸ் குஞ்சுகளில் சில 400 கிலோமீட்டருக்கு அப்பால் போய்ச் சேர்ந்ததை மரபணு காட்டியது.

21. கடல் சூடானா மீன் சுருங்கிடுமாமே? எலும்பு எப்படிச் சுருங்கும்?

மெலிவதைச் சொல்லவில்லை, நீளமே குறைகிறது. 2023இல் கிம்பே விரிகுடாவில் வெப்ப அலையின்போது 134 பெர்குலா மீன்களை மாதாமாதம் அளந்தார்கள். ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மீன்கள் ஒரு முறையாவது சில மில்லிமீட்டர் குறைந்திருந்தன. குறைந்தவை பிழைத்த வாய்ப்பு அதிகம். ஜோடியில் இரண்டும் சேர்ந்து குறைந்தால் இன்னும் அதிகம். 13ஆம் கேள்வியில் சொன்ன 80 சதவீத வரிசையை நினைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சுருங்கினால் இடைவெளி குலைந்து சண்டை வரும். எலும்புத் திசு மீள உறிஞ்சப்படுகிறது என்பது ஒரு விளக்கம். வெந்நீரில் உடலின் ஆற்றல் செலவு ஏறும்போது சிறிய உடலுக்குக் குறைந்த உணவு போதும்.

மீன் சுருங்கித் தப்பினாலும் வீடு தப்ப வேண்டுமே. நீர் அளவுக்கு மீறிச் சூடானால் சாமந்தி தன் பாசிகளை இழந்து வெளிறிவிடும். பிரெஞ்சு பாலினேசியாவின் மூரியா தீவில் வெளிறிய சாமந்திகளில் இருந்த கோமாளி மீன்களின் ரத்தத்தில் மன அழுத்த ஹார்மோன் ஏறி, இனப்பெருக்க ஹார்மோன்கள் இறங்கி, முட்டையிடுவது வெகுவாகக் குறைந்தது. சில மாதம் கழித்துச் சாமந்திக்கு நிறம் திரும்பியபோது முட்டையும் திரும்பியது.